கொடையும் குறிப்புச்சீட்டும்

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 1967ஆம் ஆண்டு ஜான் வான் ஹெங்கல் என்பவர் உணவு வங்கி ஒன்றைத் தொடங்கினார். வறியோர்க்கு உணவு வழங்கும் அம்முறை நாடெங்கும் பரவியது. அந்நாட்டு மாணவர்கள் வீட்டிலிருந்து உணவுப்பொருள்களைக் கொணர்ந்து, பள்ளி வழியாக இவ்வங்கிகளுக்கு அளிப்பது வழக்கம். அவற்றுள் பெரிதும் வேண்டப்படுவது வேர்க்கடலை வெண்ணெய். புரதம் மிக்கது, குளிர்பதனப் பெட்டியின்றியே நெடுநாள் கெடாதிருப்பது.

ஆயினும், வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைக்கு அதன் சிறு துணுக்கும் நஞ்சாகலாம். தோல் தடிக்கும், தொண்டை வீங்கும், மூச்சுத் திணறும். உடனே எபிநெஃப்ரின் ஊசி செலுத்தாவிடில் உயிருக்கே இடராகும். இவ்வச்சத்தால் சில பள்ளிகள் வேர்க்கடலைப் பொருள்களை வளாகத்திற்குள் விலக்கின. அத்தடை வகுப்பறையைக் காக்கலாம். கொடைப்பொதியைப் பெறும் ஏழை வீட்டைக் காக்குமா? விலைகொடுத்து வாங்குவோர் குறிப்பைப் படித்து, ஒவ்வாததை விலக்குவர். பசித்திருப்போர்க்கோ கிடைத்ததே உணவு.

பால், முட்டை, மீன், கோதுமை, வேர்க்கடலை உள்ளிட்ட எட்டு ஒவ்வாமைப் பொருள்களைப் பொட்டலத்தின்மீது குறிக்குமாறு 2004ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. 2023 முதல் எள்ளும் அப்பட்டியலில் சேர்ந்தது. எனினும், பெருமூட்டையைப் பிரித்துச் சிறு பைகளில் நிரப்புகையில் குறிப்பு மூட்டையோடே நின்றுவிடக்கூடும். குறிப்பற்ற பை, ஒவ்வாமையுள்ள குழந்தையின் தாய்க்குப் பயன்படாது. ஆதலால் மூலக்குறிப்பைப் படியெடுத்து ஒவ்வொரு பையிலும் ஒட்டுதல் இன்றியமையாதது. வழங்கிடங்கள் சில, கடையைப் போல் பொருள்களை அடுக்கிவைத்து, பெறுவோரே படித்துத் தேர்ந்துகொள்ள விடுகின்றன.