11ஏ தான் நல்ல சீட்டா?

விமான இருக்கைகள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பயண ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 67 வயது. மகள் பிரசவத்துக்காக முதல்முறையாக விமானம் ஏறப்போகிறேன். சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து நியூயார்க். “விண்டோ சீட் போட்டிருக்கேம்மா, வேடிக்கை பார்த்துக்கிட்டே வரலாம்” என்கிறாள் மகள். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. ஜன்னலோரம் எனக்குச் சரிவருமா?
*– வாசகி, கும்பகோணம்*

பதில்: சென்னையிலிருந்து துபாய்க்குச் சுமார் 4 மணி நேரம்தான். ஆசைக்கு அதில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள் அம்மா. துபாய் – நியூயார்க் ஏறக்குறைய 14 மணி நேரம். அதற்கு மட்டும் நடைவழியை ஒட்டிய ஐல் சீட்டாக மாற்றச் சொல்லுங்கள். ஜன்னலோரம் இருந்தால், தூங்கும் இரண்டு பேரை ஒவ்வொரு முறையும் எழுப்ப வேண்டும். அந்தச் சங்கோஜத்திலேயே பலர் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல், காலை அசைக்காமல் கிடக்கிறார்கள். பயணம் 4 மணி நேரத்தைத் தாண்டினால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வறிக்கை 2007இல் சொன்னது. ஆபத்து சிறியதுதான் என்றாலும், எழுந்து நடப்பவருக்கு அது இன்னும் குறையும்.

இந்தத் தடத்தில் பறக்கும் பெரிய விமானங்களில் கீழ்த்தள எகானமியில் பொதுவாக வரிசைக்கு 3–4–3 என்று 10 சீட். நடுவில் இருக்கும் நான்கின் ஓரத்தைக் கேளுங்கள். ஜன்னல் பக்க ஐல் சீட்டில் உங்களைத் தாண்டிப் போக இரண்டு பேர் இருப்பார்கள். நடுவில் ஒருவர்தான்; அடுத்தவர் அந்தப் பக்கமாக இறங்கிக்கொள்வார். அந்த நான்கிலும் உங்களுக்கு ஏற்றது ‘ஜி’. அதில் நடைவழி உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும். வலிக்கும் காலை அவ்வப்போது நீட்டிக்கொள்ளலாம். இடது முழங்கால் வலிப்பவர்கள் ‘டி’யைக் கேட்க வேண்டும். சாப்பாட்டு வண்டி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நடைவழிப் பக்கக் கைப்பிடி அசையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல விமானங்களில் அந்தக் கைப்பிடியின் அடியில், முதுகுச் சாய்மானத்தோடு அது சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறு பொத்தான் விரலுக்குத் தட்டுப்படும். அதை அழுத்தியபடி தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். முழங்காலை மடக்கித் திருப்பாமல் பக்கவாட்டில் திரும்பி எழலாம். தெரியாவிட்டால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள்.

கால் வைக்க இடம் அதிகம் என்று முதல் வரிசையை யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி தூக்க வராது. மருந்துப் பையையும் மேலே ஏற்றிவிடச் சொல்வார்கள். பாத்ரூமிலிருந்து நான்கைந்து வரிசை தள்ளி இருந்தால் போதும். ஒட்டியே இருந்தால் இரவெல்லாம் கதவுச் சத்தம். சக்கர நாற்காலி உதவியையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: விமானம் குலுங்கினாலே எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. எங்கே உட்காரலாம்?
*– வாசகர், சேலம்*

பதில்: இறக்கைக்கு நேரே. விமானத்தின் எடை மையம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மூக்கும் வாலும் ஏறி இறங்கும்போது அங்கே அசைவு குறைவு. பேருந்தின் கடைசி சீட் தூக்கிப்போடுவது போலத்தான் விமானத்தின் வால் பகுதியும். எங்கே உட்கார்ந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து அடிக்கடி சின்ன விமானத்தில் தூத்துக்குடி வருகிறேன். ஒரு முறை சத்தம் காதைத் துளைக்கிறது, இன்னொரு முறை வெயில் முகத்தில் அடிக்கிறது. நல்ல சீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
*– வாசகர், கோவில்பட்டி*

பதில்: சீட் எண்ணைப் பார்க்கும் முன் விமானத்தின் வகையைப் பாருங்கள். டிக்கெட் போடும்போதே அது தெரிந்துவிடும். நீங்கள் சொல்வது ஏடிஆர் 72 ஆக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் இதில்தான் போகிறார்கள். வரிசைக்கு 2–2 என்பதால் நடுச்சீட் என்ற தொல்லையே இல்லை. இறக்கை கூரையோடு ஒட்டி மேலே இருப்பதால் தரையும் கடற்கரையும் மறைவில்லாமல் தெரியும். சத்தமும் அதிர்வும் காற்றாடிகளுக்கு நேரே இருக்கும் வரிசைகளில்தான் அதிகம். பின்னால் போகப் போகக் குறையும். பயணிகள் ஏறி இறங்கும் கதவும் பின்பக்கம்தான். ஜெட் விமானத்துப் பழக்கத்தில் முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டினால் இங்கே கடைசியாகத்தான் இறங்குவீர்கள்.

வெயிலுக்குத் திசைதான் கணக்கு. காலையில் தெற்கே பறந்தால் சூரியன் இடப்பக்கம், வலப்பக்கம் நிழல். மாலையில் நேர்மாறு.

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தையோடு போனோம். பணம் கட்டி சீட் எடுக்காததால் மூவருக்கும் மூன்று மூலையில் இடம் வந்தது. இதற்கு விதி எதுவும் இல்லையா?
*– வாசகி, திருச்சி*

பதில்: இருக்கிறது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பிஎன்ஆரில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. ‘ஒரே பிஎன்ஆர்’ என்பதைக் கவனியுங்கள். தனித்தனியாக டிக்கெட் போட்டால் இந்த உரிமையைக் கேட்க முடியாது. விமானத்துக்குள் ஏறியபின் அடுத்தவரிடம் கெஞ்ச வேண்டாம். கவுன்டரிலேயே உத்தரவைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அகமதாபாத் விபத்தில் பிழைத்தவர் 11ஏ சீட்டில் இருந்தாராம். என் கணவருக்கும் இனி அதையே எடுக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா?
*– வாசகி, நாகர்கோவில்*

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2025 ஜூன் 12 அன்று அந்த விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். அவருடைய சீட் எண்ணைப் பற்றிக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த போயிங் 787இல் 11ஏ அவசரக் கதவை ஒட்டியிருந்தது. எல்லா விமானத்திலும் அப்படி இல்லை. பல ஏ320களில் அது சாதாரண ஜன்னலோர சீட். சில போயிங் 737–800களில் அந்த இடத்தில் ஜன்னலே கிடையாது. எந்த விபத்தில் எந்தப் பகுதி தப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

உங்கள் கணவர் திடகாத்திரமானவர், ஆபத்தில் பிறருக்கு உதவ மனமுள்ளவர் என்றால் அவசரக் கதவு வரிசையைத் தாராளமாக எடுக்கட்டும். கால் நீட்ட இடமும் கிடைக்கும். இறக்கைமேல் அடுத்தடுத்து இரண்டு கதவு வரிசைகள் இருந்தால் பின்னதைக் கேட்கட்டும். முன்னது பெரும்பாலும் சாயாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் துணை தேவைப்படுபவர்களுக்கும் அங்கே இடம் தருவதில்லை. கதவைத் திறந்து மற்றவர்களை வெளியேற்றும் பொறுப்பு அங்கே உட்கார்பவருக்கு உண்டு. அறிவிப்பின்போது செல்போனைப் பார்ப்பவர் அந்த இடத்தை எடுக்கக் கூடாது.

எந்த சீட்டிலும் கைகொடுக்கும் பழக்கங்கள் இரண்டு. உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் இருக்கும் கதவுகளுக்கு எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, சீட்டைத் தொட்டு எண்ணிக்கொண்டுதான் போக வேண்டும். இறங்கச் சொன்னால் பையை எடுக்கவே கூடாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 ஓடுபாதையில் தீப்பிடித்தது. 8 கதவுகளில் 3ஐத்தான் பயன்படுத்த முடிந்தது. ஆனாலும் உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பணிக்குழு சொன்னதைக் கேட்டு, பெட்டிகளை விட்டுவிட்டு அவர்கள் நகர்ந்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. 11ஏ கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். இந்த இரண்டையும் அவர் கிளம்பும் முன் சொல்லி அனுப்புங்கள்.