உளியும் அச்சும்: கருவி கைமாறும் கணக்கு



ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல சுமார் 12 கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன வட்டாரத்துக்குள்ள எத்தனை தொழில்னு எண்ணிப் பாருங்க. ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறிச் சேலையும் பால்கோவாவும், மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். ஒவ்வொரு தொழிலுக்கும் கருவி வேணும். "கடையில வாங்கிட்டா போச்சு"னு தோணும். ஆனா கைத்தொழிலில் பல கருவிகளை இன்னொரு கைத்தொழிலாளிதான் செஞ்சு தரணும். அப்படிக் கருவி கைமாறும்போது என்னென்ன சேர்ந்து மாறுது? இதுதான் இந்த இதழின் பாடம்.

1. தச்சருக்கு உளி, கொல்லருக்குக் கைப்பிடி

தச்சருக்கு உளியும் வாய்ச்சியும் இல்லாம வேலை ஓடாது. அதோட இரும்பு கொல்லர் உலையில் பிறக்குது. கொல்லரின் சம்மட்டிக்குப் பிடி வேணும். அது தச்சர் செதுக்கித் தருவது. ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் வாடிக்கையாளர்.

சரி, உளிக்குப் பதில் பிடின்னு மாத்திக்கிட்டா கணக்கு முடிஞ்சதா? முடியாது. தச்சருக்கு உளி தேவைப்படும் நாளில் கொல்லருக்குப் பிடி தேவைப்படணுமே! பண்டமாற்றில் உள்ள அடிப்படைச் சிக்கல் இது. இருவரின் தேவையும் ஒரே நேரத்தில் பொருந்தணும்.

பழைய தமிழ்க் கிராமங்கள் இதற்கு வேறொரு வழி வைத்திருந்தன. தச்சர், கொல்லர் போன்றோருக்கு அறுவடைக் களத்திலேயே நெல்லில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அந்தப் பங்குக்குப் பெயர் 'சுதந்திரம்'. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதிக் கிராமங்களில் தாமஸ் பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பில் இந்தப் பங்குகள் ஊர்வாரியாகப் பதிவாகியுள்ளன. இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு: ஒவ்வொரு கொழுவுக்கும் அரிவாளுக்கும் தனித்தனி விலை கிடையாது. வருஷம் முழுக்கச் செஞ்சு கொடுத்து, தட்டிக் கொடுத்து, பழுது பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் கூலி. இன்னைக்குக் கம்பெனிகள் போடும் ஏ.எம்.சி. மாதிரின்னு வச்சுக்கலாம்.

2. "எதுக்கு?" என்ற கேள்வி

நல்ல கொல்லரிடம் அரிவாள் கேட்டுப் பாருங்க. விலைக்கு முன்னாடி அவர் கேட்பது "எதுக்கு?" என்பதைத்தான். அதுக்குக் காரணம் உலோகவியல்.

நம்ம ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டாதான் மூலப்பொருள். அதில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும். அதைச் செக்கச்செவேல்னு காய்ச்சினா, 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டுவது நின்னுடும். இன்னும் கொஞ்சம் சூடேத்தி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ச்சா, உள்ளமைப்பு மார்ட்டென்சைட்டாக மாறும். கண்ணாடி மாதிரிக் கடினம், கண்ணாடி மாதிரியே உடையும். அதனால மறுபடி இளஞ்சூடு காட்டணும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் நிறம் ஏறும். சுமார் 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 300 டிகிரி வாக்கில் நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினா கூர் நீடிக்கும். நீலம் வரை போனா கடினம் குறைஞ்சு, அடி தாங்கும்.

எங்கே நிறுத்துவது? மரம் இழைக்கும் உளிக்கு ஒரு இடம், சம்மட்டியடி வாங்கும் கல்லுளிக்கு வேறொரு இடம், தென்னை மட்டை வெட்டும் அரிவாளுக்கு இன்னொரு இடம். தோய்ச்சல் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பயன்படுத்துபவரின் வேலை. உளி முனை பொரிஞ்சு திரும்பி வந்தா தோய்ச்சல் அதிகம், முனை மடங்கி வந்தா தோய்ச்சல் குறைவு. நாம லேபில் எழுதும் டெஸ்ட் ரிப்போர்ட்டை, அங்கே அந்தத் தேய்ஞ்ச உளியே எடுத்துட்டு வருது. அடுத்த உளி அதைப் பார்த்துத்தான் உருவாகும்.

3. அச்சு: எண்ணிச் செய்யும் கருவி

இப்போ தறிக்கு வருவோம். பாவு நூல்களைச் சீரான இடைவெளியில் நிறுத்தி, ஊடை நூலை அடித்து இறுக்கும் சீப்புதான் அச்சு. முன்பு பிரம்பு, மூங்கில் சிம்புகளை வரிசையாகக் கட்டிச் செய்தார்கள். இப்போது இரும்புக் கம்பிப் பற்கள்.

அச்சு நம்பருக்கு ஸ்டாக்போர்ட் முறைன்னு ஒண்ணு உண்டு. 2 அங்குலத்தில் எத்தனை பல் இடைவெளியோ அதுதான் நம்பர். 64 நம்பர் என்றால் அங்குலத்துக்கு 32 இடைவெளி. ஒவ்வொன்றிலும் 2 நூல் கோத்தால் அங்குலத்துக்கு 64 நூல். 48 அங்குல அகலத்துக்கு 48 × 64 = 3,072 நூல்! ஒரே ஒரு பல் வளைஞ்சாலும், பாவு முடியும்வரை சேலையில் நீளமா ஒரு கோடு விழும். விலை குறைவது நெசவாளருக்குத்தான்.

இன்னொரு நுணுக்கம். பாவு முடிஞ்சதும் பழைய நூல் நுனிகளை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் நூலை அதோட ஒவ்வொன்றாகப் பிணைத்தால் போதும், மறுபடி கோக்க வேண்டாம். ஆக, ஒரு நெசவாளர் இன்னொருவருக்கு நூலோடு அச்சைக் கொடுத்தால், கருவியோடு 3,072 நூல் கோத்த உழைப்பையும் சேர்த்துக் கொடுக்கிறார். வெறும் அச்சைத் திருப்பிக் கொடுத்துட்டு "சரியாப் போச்சு"ன்னா, அது சரியாப் போகலை!

4. விலை போடுவது எப்படி?

ஒரு மாதிரிக் கணக்கு, எண்கள் புரிதலுக்கு மட்டும். கொல்லரின் உளி: இரும்பு ரூ.60, கரி ரூ.40, 2 மணி நேர உழைப்பு ரூ.300. மொத்தம் ரூ.400. தச்சரின் பிடி: மரம் ரூ.50, 1 மணி நேர உழைப்பு ரூ.150. மொத்தம் ரூ.200. அப்போ ஒரு உளிக்கு இரண்டு பிடி. ஒரு பிடிதான் இப்போ தேவைன்னா, மீதி ரூ.200 நோட்டில் வரவு. இருவர் உழைப்புக்கும் ஒரே மணிக்கூலி போட்டிருப்பதைக் கவனிச்சீங்களா? அங்கே பாரபட்சம் வந்தா வியாபாரம் நிலைக்காது.

கருவி கைமாறும் முன் பேசி முடிக்க வேண்டியவை:

• எந்த வேலைக்கு, எந்தப் பொருளின் மேல் பயன்படும்?
• அளவுக்குப் பழைய கருவியையே கொண்டு போகலாமா? வாய்வார்த்தையை விட அது துல்லியம்.
• எத்தனை நாள் ஓட்டிப் பார்த்துச் சொல்வது?
• முனை போனால், பல் வளைந்தால் சரிசெய்வது யார்? அதுக்குக் கூலி தனியா, சேர்ந்தா?
• இரவலா, விற்பனையா?

இது நமக்கு எதுக்கு?

ஒரு கொல்லர் பட்டறை மூடினா ஊரில் ஒரு கடை குறைஞ்சதாத்தான் தெரியும். ஆனா அந்தப் பக்கத்துத் தச்சரின் பிடிப்பு, மரம், கைப்பழக்கம் எல்லாம் தெரிஞ்சு தோய்ச்சல் போட்ட ஒருத்தரும் போயிடறார். கடையில் வாங்கும் உளிக்கு அந்தத் தச்சரைத் தெரியாது. வருஷா வருஷம் நாமும் "நெசவாளருக்கு உதவும் இயந்திரம்"னு ப்ராஜெக்ட் போடுறோம். அதில் எத்தனை பேர் முதலில் அச்சு நம்பரைக் கேட்டோம்?

செஞ்சு பாருங்க: அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ பக்கத்துல இருக்கிற பட்டறைக்கோ தறிக்கோ போங்க. அங்கே உள்ள ஒரு கருவியைக் காட்டி மூணு கேள்வி மட்டும் கேளுங்க. "இதை யார் செஞ்சு தந்தாங்க? கடைசியா எப்போ பழுது பார்த்தீங்க? அவர் இல்லேன்னா அடுத்து யார்கிட்ட போவீங்க?" பதிலை அளவோடும் படத்தோடும் குறிச்சு வையுங்க. மூணாவது கேள்விக்குப் பதில் வரலைன்னா, உங்க ப்ராஜெக்ட் தலைப்பு கிடைச்சாச்சு.