பாறை பார்க்க வழிகாட்டி எதற்கு?

கேள்வி: ஏப்ரலில் லாஸ் வேகஸில் மகள் வீட்டுக்குப் போகிறோம். அருகில் ரெட் ராக் கேன்யன் பாலைநிலத்தில் வழிகாட்டியோடு நடக்கலாம் என்கிறாள். வெறும் பாறையைப் பார்க்க வழிகாட்டி எதற்கு?
- வாசகி, மதுரை

பதில்: கட்டாயம் வழிகாட்டியோடு போங்கள். தனியாகப் போனால் சிவப்பு மணற்பாறை மட்டும்தான் கண்ணில் படும். அதன் மேல் சாம்பல் நிறச் சுண்ணாம்புப்பாறை இருக்கும். மேலே இருப்பதுதான் வயதில் மூத்தது! நிலம் நெருக்குண்டு பழைய பாறை இளைய பாறைமேல் ஏறிய கதையை, விவரம் தெரிந்தவர் கைநீட்டிக் காட்டினால்தான் புரியும்.

பாலைவன ஆமை எதிர்ப்பட்டால் தொடவே கூடாது. மிரண்டால், சிறுநீர்ப்பையில் சேமித்த நீரை வெளியேற்றிவிடும். அடுத்த மழைவரை தாங்காமல் செத்தும் போகலாம். பேரப்பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தண்ணீர் நிறைய வேண்டும். அக்டோபர் முதல் மே வரை, பகலில் காரில் கேன்யனின் சுற்றுச்சாலைக்குள் நுழைய நேரம் குறித்த முன்பதிவு அவசியம். மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.