தண்ணீர் குடித்த எஞ்சின்

ஜூன் மாதம் பிறந்து மழை வலுத்துவிட்டால், நம் மும்பை அன்பர்களிடமிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணாச்சி, கிங் சர்க்கிள் பக்கம் தண்ணியிலே வண்டி நின்னுபோச்சு. நாலஞ்சு தடவை செல்ஃப் அடிச்சேன், எடுக்க மாட்டேங்குது." அந்த "நாலஞ்சு தடவை" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். வண்டி நின்றதால் பெரும்பாலும் பெரிய நஷ்டம் வருவதில்லை. நின்ற வண்டியைக் கிளப்பப் பார்ப்பதில்தான் எஞ்சின் போகிறது. சயான் பகுதியில் முப்பது வருஷத்துக்கு மேல் காரேஜ் நடத்தியவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. மேலே ஏறும்போது அந்தக் காற்றை அழுத்திச் சுருக்குகிறது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. விஷயம் இவ்வளவுதான். 1200 சி.சி. பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 300 சி.சி. பத்துக்கு ஒன்று என்ற அழுத்த விகிதத்தில், பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 சி.சி.தான். அதாவது இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். அதற்குமேல் உள்ளே இருந்தால் பிஸ்டனுக்கு ஏற இடம் கிடையாது. டீசல் வண்டியில் அழுத்தம் இன்னும் அதிகம் என்பதால், இதே அளவு எஞ்சினுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேலே போனாலே போதும். ஏறமுடியாத பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட் விடாமல் தள்ளும். நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராட் வளைந்துகொடுக்கும்.

வேகமாக ஓடும் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் அந்தக் கணமே ராட் வளையும், சமயத்தில் உடைந்து பிளாக்கையே குத்திக் கிழிக்கும். ஆனால் ஊர்ந்து போகும் வண்டி உறிஞ்சினால், பல சமயம் சேதம் எதுவும் இல்லாமல் எஞ்சின் அப்படியே இறுகி நின்றுவிடும். அடுத்து நாம் செல்ஃப் அடிக்கிறோம். தண்ணீர் போகாத இன்னொரு சிலிண்டர் பற்றிக்கொள்கிறது. அதன் பலம் முழுவதும் தண்ணீர் இருக்கும் பிஸ்டனைப் போய் முட்டுகிறது. தப்பித்த எஞ்சினை நாமே ஒடிக்கிறோம்.

இந்தச் செல்ஃப் அடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஃபியட், அம்பாசிடர் காலத்து வழக்கம் அது. 2023 அக்டோபரோடு மும்பை டாக்ஸித் தொழிலிலிருந்து விடைபெற்றதே பத்மினி, அதில் டிஸ்டிரிபியூட்டர் மூடி கொஞ்சம் நனைந்தாலே பொறி வராது, எஞ்சின் நின்றுவிடும். காற்று போகும் வாய்க்குத் தண்ணீர் எட்டுவதற்கு முன்னாலேயே நின்றுவிடுவதால் அது ஒரு காவல் மாதிரி. டிரைவர் இறங்குவார், மூடியைக் கழற்றித் துணியால் துடைப்பார், மறுபடி செல்ஃப் அடிப்பார், வண்டி கிளம்பிவிடும். நம் அப்பாமார்கள் அதைப் பார்த்தார்கள், நாம் அவர்களைப் பார்த்தோம். இன்றைய கார்களில் ஸ்பார்க் பிளக்கின் தலையிலேயே காயில் மூடி உட்கார்ந்திருக்கிறது, லேசில் நனையாது. டீசலுக்குப் பொறியே வேண்டாம். ஆகவே இன்றைய வண்டி தண்ணீரில் நிற்கிறது என்றால், அது தண்ணீரைக் குடித்துவிட்டது என்றே முதலில் எண்ணவேண்டும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் எங்கள் காரேஜ் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. செம்பூரில் ஒரே கட்டடத்திலிருந்து ஒரே மாடல் கார் இரண்டு வந்தன. ஒன்றின் சொந்தக்காரர் பள்ளிக்கூட ஆசிரியை. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்துவிட்டார். எண்ணெய், ஃபில்டர், சில ரிலேக்கள், உள்ளே கம்பளம், அவ்வளவுதான் செலவு. மற்றதில் வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துச் செல்ஃப் அடித்திருக்கிறார்கள். இரண்டு ராட் வளைந்து, சிலிண்டர் சுவரும் கீறிப்போய், பாதி எஞ்சின் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

அன்று காருக்குள்ளேயே சிக்கி உயிர் இழந்தவர்களும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. தண்ணீர் கதவுக்கு மேல் ஏறினால் வெளியழுத்தத்தில் கதவு திறக்காது. மின்சாரம் நனைந்தால் கண்ணாடியும் இறங்காது. எனவே ஏறும் தண்ணீரில் வண்டி நின்றால் முதல் வேலை கண்ணாடியை இறக்குவது, இரண்டாவது வேலை ஆட்கள் இறங்குவது. வண்டி அப்புறம். நடக்கும்போது மேன்ஹோல் திறந்திருக்கும், குடைக் கம்பால் தட்டிப் பார்த்துக் காலை வையுங்கள்.

தண்ணீர் வடிந்தபின் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். நியூட்ரலில் போட்டுத் தள்ளலாம். கியரில் வைத்துத் தள்ளிக் கிளப்பப் பார்ப்பதும் செல்ஃப் அடிப்பதும் ஒன்றே. ஆட்டோமேட்டிக் வண்டியானால் நாலு சக்கரமும் மேலே ஏறும்படியான லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்போர், ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாமல் கம்பெனி ஆளை அழைப்பதே நல்லது.

மெக்கானிக் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கவேண்டும். காகிதம் காய்ந்திருந்து, பெட்டியில் வண்டலும் இல்லை என்றால் பாதிக் கவலை விட்டது. ஈரமாக இருந்தால் பிளக்குகள் எல்லாவற்றையும் (டீசலில் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்) கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றவேண்டும். உள்ளிருக்கும் தண்ணீர் துவாரம் வழியே பீச்சியடிக்கும். முகத்தை நேரே வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்! பிறகு டிப் ஸ்டிக். எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். வடித்துவிட்டுப் புது எண்ணெயும் ஃபில்டரும் போட்டுச் சிறிது நேரம் ஓட்டி, மறுபடியும் ஒருமுறை மாற்றவேண்டும். இரண்டாவது மாற்றத்தில் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். பேரிங் போனால் அந்த எண்ணெய் விலையைப் போல் பல மடங்கு ஆகும். கியர் பாக்ஸ் எண்ணெயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் கிளம்பிவிட்டதே என்று திருப்திப்பட்டு வந்துவிடவும் கூடாது. லேசாக வளைந்த ராட்டோடு வண்டி மாதக்கணக்கில் ஓடும். பிறகு ஒருநாள் புணே நெடுஞ்சாலையில் நடுவழியில் முறியும். கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். மூன்று சிலிண்டர் 12 காட்டி ஒன்று மட்டும் 8 அல்லது 9 காட்டினால், அதில் பிஸ்டன் உச்சிவரை ஏறவில்லையோ என்று சந்தேகப்படவேண்டும்.

இதையெல்லாம் தள்ளிப்போடக்கூடாது. நம் ஊரில் கடல் ஏறும் நேரம் மழையும் சேர்ந்தால் தேங்குவது சாக்கடையும் உப்பும் கலந்த நீர். சிலிண்டர் சுவரில் ஓரிரு நாளிலேயே துரு பிடித்துவிடும். மெக்கானிக் கிடைக்கத் தாமதமானால் பிளக் துவாரத்தில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயாவது விடச் சொல்லுங்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். சாதாரண பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீர் புகுந்தபின் செல்ஃப் அடித்து எஞ்சின் போனால், அதைப் பின்விளைவு நஷ்டம் என்று சொல்லி மறுப்பது வழக்கம். எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு சேர்ப்பு உண்டு. பழைய வண்டிகளுக்குச் சில கம்பெனிகள் அதைத் தருவதில்லை, எடுத்திருந்தாலும் நிபந்தனைகள் உண்டு. புதுப்பிக்கும் தேதி மே மாதத்துக்குள் வருகிறவர்கள் ஏஜெண்டிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நின்ற இடத்தில், தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி இரண்டு படம் எடுத்து வைத்துக்கொண்டால் சர்வேயரிடம் வாதாட வேண்டியிராது.