உலகம் கண்ட தேநீர்க் கடையினர்

உலகப் பயணம் செல்வர்க்கே உரியது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழை என்பதைக் கொச்சி நகரத்து முதிய இணையரான விஜயனும் மோகனாவும் தம் வாழ்வால் மெய்ப்பித்தனர்.

விஜயன் 1963 ஆம் ஆண்டில் தேநீர் விற்கத் தொடங்கியவர். பின்னர்க் கணவனும் மனைவியுமாகச் சிறியதொரு கடையை நடத்தி வந்தனர். பிறநாடுகளைக் காணவேண்டும் என்னும் வேட்கை இருவர் உள்ளத்தும் இருந்தது. ஆனால் கையில் பொருள் இல்லை. ஆதலின், வேலையாள் எவரையும் அமர்த்தாமல், எல்லாப் பணிகளையும் தாமே செய்தனர். நாள்தோறும் 300 ரூபாயைப் பயணத்திற்கென ஒதுக்கி வைத்தனர். அதுவும் போதாதபோது கடன் பெற்றனர்.

2007 ஆம் ஆண்டில் அவர்கள் முதன்முறையாகக் கடல் கடந்தனர். அதுமுதல் பதினான்கு ஆண்டுகளில் இருபத்தாறு நாடுகளைக் கண்டனர். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் அவர்களுக்காக வீட்டில் ஓய்வு காத்திருக்கவில்லை; அடுப்பும் கடனுமே காத்திருந்தன. மீண்டும் பால் காய்ச்சினர், தேநீர் ஆற்றினர், பட்ட கடனைச் சிறுகச் சிறுகத் தீர்த்தனர். தீர்ந்தபின் அடுத்த நாட்டைப்பற்றிப் பேசத் தொடங்கினர். அவர்களுடைய முயற்சியைக் கேள்வியுற்ற சிலர், பிற்காலத்தில் பொருளுதவியும் செய்தனர்.

2021 ஆம் ஆண்டு அக்டோபரில் இருவரும் உருசிய நாட்டைக் கண்டு வீடு திரும்பினர். அதுவே அவர்கள் இணைந்து சென்ற இறுதிப் பயணம். நவம்பர் 19 ஆம் நாள் விஜயன் மறைந்தார்.

அவர் பெரும்பொருள் சேர்த்து வைத்தவரல்லர். எனினும், விரும்பியதை உழைப்பால் அடைந்தார்; அதற்குரிய விலையையும் உழைத்தே கொடுத்தார். வேட்கையோடு நாணயமும் கூடிய இவ்வாழ்வு எவர்க்கும் ஏற்புடையதன்றோ!