இலை ஏன் சிவக்கிறது? – காங்கமாகஸ் சாலையில் 55 கிலோமீட்டர்



புவியியல் பாடத்தில் "இலையுதிர் காடுகள்" என்று ஒரு பத்தி வரும். குளிர்காலத்துக்கு முன் இலை உதிரும், வசந்தத்தில் துளிர்க்கும், அவ்வளவுதான். பரீட்சையில் இரண்டு மார்க். ஆனால் அந்த உதிர்தலைப் பார்ப்பதற்காகவே லட்சக்கணக்கான பேர் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடங்கள் உலகத்தில் உண்டு. அப்படி ஓர் இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெள்ளை மலைகள். என் மாமா அந்த மாநிலத்தில்தான் வேலை பார்க்கிறார். அக்டோபரில் அவர் அனுப்பிய படங்களை வகுப்பில் காட்டினேன். எல்லோரும் "அழகா இருக்கு" என்றார்கள். பக்கத்து பெஞ்சுத் தோழி மட்டும், "சாகப்போற இலையைப் பார்க்க எதுக்குடி இவ்வளவு பெட்ரோல்?" என்று கேட்டாள். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதனால் இரண்டு வாரம் நூலகத்தில் தேடி, மாமாவிடமும் கேட்டு எழுதியது இது.

முதலில் சாலையைப் பார்ப்போம். (இடது ஓரத்தில் நான் வரைந்திருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். அளவுத்திட்டம் சரியாக இருக்கும், மரங்கள்தான் கொஞ்சம் காலிஃபிளவர் மாதிரி வந்துவிட்டன.) மேற்கே லிங்கன், கிழக்கே கான்வே என்று இரண்டு ஊர்கள். நடுவில் சுமார் 55 கிலோமீட்டர் காட்டுச் சாலை. பெயர் காங்கமாகஸ் நெடுஞ்சாலை. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக "காங்க்" என்பார்கள். காங்கமாகஸ் என்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளான பென்னகுக் மக்களின் தலைவர் ஒருவரின் பெயர். "அஞ்சாதவர்" என்று பொருள் சொல்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகளை எதிர்த்து நின்றவர் அவர்.

இரு பக்கமிருந்தும் வந்த சாலைகள் 1959-இல்தான் ஒன்றாக இணைந்தன. இன்றைக்கும் இந்த 55 கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது, ஓட்டல் கிடையாது. டேங்கை நிரப்பி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். லிங்கனிலிருந்து ஏறினால் ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். அதைத் தாண்டி ஏறினால் கணவாய். உயரம் 2,855 அடி, அதாவது ஏறக்குறைய 870 மீட்டர். அப்புறம் இறக்கம்தான். ஸ்விஃப்ட் ஆறு கூடவே ஓடிவரும். சாபடே அருவி, ராக்கி கார்ஜ் என்ற பாறை இடுக்கு, 1858-இல் கட்டிய கூரை போட்ட மரப்பாலம் எல்லாம் இந்தப் பக்கம்தான். மரப்பாலத்துக்கு ஏன் கூரை? அழகுக்கு இல்லை. மழையும் பனியும் பட்டு உத்திரங்கள் உளுத்துப் போகாமல் இருக்கத்தான்.

இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த சங்கதி இதுதான்: குளிர் மலை உச்சியில் முதலில் இறங்குகிறது, ஆகவே நிறமும் உச்சியிலிருந்துதான் தொடங்குகிறது. செப்டம்பர் கடைசியில் மேலே சிவக்கும், அக்டோபர் நடுவில் பள்ளத்தாக்கு சிவக்கும். ஆகவே கணவாயிலிருந்து கீழே வருகிறவர் ஒரு மணி நேரத்துக்குள் மொட்டைக் கிளை, சிவப்பு இலை, இன்னும் பச்சை இலை என்று மூன்றையும் பார்த்துவிடலாம். இரண்டு மூன்று வாரத்தை ஒரே மலைச்சரிவில் பார்க்கிற மாதிரி. அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை அங்கே அரசு விடுமுறை. அந்த மூன்று நாளும் சாலையில் கார்கள் நத்தையாக ஊர்ந்ததாம். மாமாவுக்குக் காரை நிறுத்த இடமே கிடைக்கவில்லை. இருட்டிய பிறகு ஓட்டினால் இன்னொரு பயம், மூஸ். மான் குடும்பத்தில் மிகப் பெரிய விலங்கு அது. கால்கள் நெட்டையாக இருப்பதால் கார் மோதினால் உடம்பு முன் கண்ணாடியின் மேலேயே விழும். அதனால் எச்சரிக்கைப் பலகைகள் நிறைய.

சரி, பாடத்துக்கு வருவோம். இலை ஏன் நிறம் மாறுகிறது?

இலையில் உள்ள பச்சையம் ஒரு தடவை செய்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்ற பொருள் இல்லை. வெயில் பட்டுச் சிதைந்துகொண்டே இருக்கும், மரம் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். வெள்ளை மலைகள் 44 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. அங்கே ஜூனில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் 9 மணி நேரம்தான். (நமக்கு வருஷம் முழுக்க அவ்வளவு வித்தியாசம் வராது.) இரவு நீளுவதை மரம் உணர்கிறது. பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. இருப்பதும் சிதைகிறது. அப்போது அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகளான கரோட்டினும் சாந்தோபில்லும் வெளியே தெரிகின்றன. ஆக, மஞ்சள் புதிதாக வருவதே இல்லை. சித்திரையிலும் இருந்தது, பச்சை அதை மூடியிருந்தது. பிர்ச், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாவது இப்படித்தான்.

சிவப்பு கதை வேறு. சிவப்பு மேப்பிள், சர்க்கரை மேப்பிள் இலைகளில் வரும் ஆந்தோசயனின் கோடையில் அங்கே அநேகமாக இருப்பதில்லை. கடைசி நேரத்தில், இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு மரம் புதிதாகத் தயாரிக்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும். ஓர் இலையின் மேல் இன்னோர் இலை நிழலாகக் கிடந்தால், நிழல் பட்ட இடம் மஞ்சளாகவே நின்றுவிடும், சுற்றிலும் மட்டும் சிவக்கும். ஃபோட்டோ பிரிண்ட் மாதிரி! பகலில் நல்ல வெயில், இரவில் உறைந்து போகாத அளவுக்குக் குளிர், இப்படி நாட்கள் அமைந்தால் சிவப்பு பளிச்சென்று வரும். மேகமூட்டமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் மங்கல்தான். கோடையில் வறட்சி அடித்தால் சில மரங்கள் சிவக்காமலே உதிர்த்துவிடும்.

இங்கேதான் என் தோழியின் கேள்வி இன்னும் கெட்டியாகிறது. சில நாளில் விழப்போகிற இலைக்கு மரம் எதற்காகச் செலவு செய்து சாயம் பூச வேண்டும்? விஞ்ஞானிகளிடம் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்று: இலை விழுவதற்கு முன் மரம் அதிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த வேலை முடியும் வரை இலை உயிரோடு இருக்க வேண்டும். பச்சையம் சிதைகிற நேரத்தில் அதிக வெளிச்சம் இலைக்கு ஆபத்து. ஆந்தோசயனின் ஒரு குடையாக நிற்கிறது. இரண்டு: பளிச்சென்ற நிறம் அசுவினிப் பூச்சிகளுக்கு எச்சரிக்கை, "இங்கே முட்டை வைக்க வராதே" என்று. இதை ஹாமில்டனும் பிரவுனும் 2001-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு குடைக்குத்தான். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் சிவப்பதற்கு அந்த விளக்கம்தான் நன்றாகப் பொருந்துகிறது.

எப்படியானாலும் அந்த இலை சும்மா சாகவில்லை. கணக்கு முடித்து, சொத்தைத் தாய் மரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. காம்பின் அடியில் மெல்லிய செல்களால் ஓர் உதிர் அடுக்கு உருவாகிறது. அதன் உள்பக்கம் தக்கை போன்ற அடுக்கு காயத்தை மூடிவிடுகிறது. பிறகு காற்று அடித்தால் போதும். உதிர்க்காவிட்டால் என்ன ஆகும்? மண்ணில் நீர் உறைந்து கிடக்கும்போது அகன்ற இலைகள் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். அதோடு பனி குவிந்து கிளை முறியும். ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களுக்கு மெழுகு பூசிய ஒல்லி இலை என்பதால் கவலை இல்லை. அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: தமராக் என்ற ஊசியிலை மரம் எல்லாம் முடிந்த பிறகு தங்க நிறமாகி மொத்த ஊசியையும் கொட்டிவிடும்.

இந்தக் காடு காலங்காலமாக இப்படியே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் 120 வருடத்துக்கு முன் இங்கே பல சரிவுகள் மொட்டை. லிங்கனை மையமாக வைத்து ஜே.இ.ஹென்றி என்ற மர வியாபாரி காட்டுக்குள் ரயில் தண்டவாளம் போட்டு, மலை மலையாக வெட்டினார். வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்து கிடக்க, ரயில் எஞ்சினின் பொறி பட்டால் போதும். 1886-இலும் 1903-இலும் பெரிய தீ. மரம் போனதும் மழைநீர் நிற்காமல் ஓடி, ஆற்றில் வெள்ளமும் வண்டலும். கீழே ஆற்றை நம்பியிருந்த மில்களுக்கும் அடி. அதன் பிறகுதான் ஊர் விழித்தது. ஜான் வீக்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 1911 மார்ச் 1-ஆம் தேதி கையெழுத்தானது. ஆறுகளின் நீர்ப்பிடிப்பைக் காப்பதற்காக மத்திய அரசு தனியாரிடமிருந்து காட்டைக் காசு கொடுத்து வாங்கலாம் என்றது அது. 1918-இல் வெள்ளை மலை தேசியக் காடு உருவானது. எரிந்த இடத்தில் முதலில் முளைக்கிற மரங்கள் பிர்ச்சும் ஆஸ்பெனும். மாமா அனுப்பிய படத்தில் மஞ்சள் திட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வருகிறது. அழகாகத் தெரிகிற இடம் ஆறிய தீக்காயமாகவும் இருக்கலாம்.

அடுத்த ஆபத்து வானத்திலிருந்து வந்தது. லிங்கனுக்குத் தெற்கே, பக்கத்திலேயே, ஹப்பர்ட் புரூக் ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. 1963-இல் அங்கே ஜீன் லைக்கன்ஸ் முதலானோர் மழைநீரைச் சேகரித்துப் பார்த்தார்கள். சாதாரண மழைநீரின் பிஎச் சுமார் 5.6. அங்கே இருந்ததோ 4-க்குப் பக்கத்தில். ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு என்பது வேதியியலில் படித்ததுதானே! மேற்கே உள்ள அனல்மின் நிலையங்களின் நிலக்கரிப் புகை நூற்றுக்கணக்கான மைல் காற்றில் வந்து அமில மழையாக இறங்கியிருக்கிறது. அது மண்ணிலிருந்த கால்சியத்தைக் கரைத்துக் கொண்டுபோனது. சர்க்கரை மேப்பிளுக்குக் கால்சியம் உயிர். 1999 அக்டோபரில் விஞ்ஞானிகள் ஹெலிகாப்டரில் இருந்து வொல்லாஸ்டனைட் என்ற கால்சியத் தாதுவை ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்கத் தூவினார்கள். பின் வந்த வருடங்களில் அங்கிருந்த மேப்பிள்கள், தூவாத இடத்து மரங்களைவிடச் செழிப்பாயின, கன்றுகளும் கூடின. 1990-இல் திருத்திய தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு மழையின் அமிலமும் வெகுவாகக் குறைந்தது. மண் மட்டும் மெதுவாகத்தான் தேறுகிறது.

பெட்ரோல் பற்றிக் கேட்டாளே, அதில் நியாயம் இருக்கிறது. அமில மழைக்குக் காரணமான நைட்ரஜன் ஆக்சைடுகள் கார்ப் புகையிலிருந்தும் வருகின்றன. மேப்பிளைப் பார்க்கப் போகிற கார் வரிசையே மேப்பிளுக்குக் கொஞ்சம் கெடுதல் செய்துவிட்டு வருகிறது. மாமாவிடம் சொன்னேன். "அடுத்த தடவை நாலு பேர் ஒரே கார்ல போறோம்மா" என்றார்.

இனி நம் பங்குக்கு ஒரு சோதனை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள நாட்டு வாதுமை இலை உதிர்வதற்கு முன் சிவக்கிறதே, அது ஆந்தோசயனின்தானா? நன்றாகச் சிவந்த இலை நாலைந்தை நறுக்கிச் சூடான நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். வடிகட்டி இரண்டு சோதனைக் குழாயில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, மற்றதில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை. எலுமிச்சை விட்டது இன்னும் சிவந்து, சோடா போட்டது நீலமோ பச்சையோ காட்டினால் ஆந்தோசயனின் இருக்கிறது. பழுத்த மஞ்சள் இலையிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். லேபில் செய்வதானால் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு செய்யவும். கீழே இரண்டு இலைகளை மாதிரிக்கு ஒட்டியிருக்கிறேன், தயவுசெய்து பிய்க்காதீங்க. முடிவைத் தேதியோடு துண்டுத்தாளில் எழுதி அவற்றின் பக்கத்தில் குத்திவிட்டால் அடுத்த இதழில் சேர்த்துவிடுவோம்.