புத்தகம் பார்த்து 'சால்மன் ஃப்ளை' கட்டலாமா?

சால்மன் குளிர்நாட்டு மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். ஆற்றுக்குள் வந்தபின் பெரும்பாலும் இரை எடுப்பதே இல்லை! அப்புறம் எப்படித் தூண்டிலில் மாட்டும்? அதைச் சீண்டிவிடத்தான் வண்ண இறகுகளையும் பட்டு நூலையும் முள்ளில் கட்டினார்கள், 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டன்காரர்கள். அதுதான் 'சால்மன் ஃப்ளை'. பேருதான் ஈ, பெரும்பாலானவற்றில் எந்தப் பூச்சியின் சாயலும் கிடையாது! இன்று பலர் இதை அழகுக்காகவே கட்டக் கற்கிறார்கள்.

குரு யார்? பழைய புத்தகங்கள்தான். ஜார்ஜ் கெல்சனின் 'தி சால்மன் ஃப்ளை' (1895) பாகங்களுக்குப் பெயரிட்ட வரைபடமும், ஒவ்வொரு வகைக்கும் பொருள் பட்டியலும் தருகிறது. நம்ம பாஷையில் டிராயிங்கும் பில் ஆஃப் மெட்டீரியலும்! பிரைஸ்-டானட் 1914-இல் எழுதிய நூல், புதிதாகக் கற்பவருக்குச் செய்முறையை விளக்குகிறது.

கவனிக்க வேண்டியவை:

1. முள்ளை வைஸில் இறுக்கி, மெழுகு பூசிய நூலைச் சீரான இழுவிசையில் சுற்ற வேண்டும். தேவையில்லாத சுற்று கூடினால் தலை பருத்துவிடும்.

2. வால் முதலில், தலை கடைசியில். 'ஜாக் ஸ்காட்' வகையில் உடலின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்பு.

3. இறகு இழைகளில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. பல நிற இழைகளை அடுக்கி நீவினால் ஜிப் மாதிரி சேரும். இடப்பக்க இழையும் வலப்பக்க இழையும் ஒன்றாகச் சேராது.

சிக்கல் பொருள் பட்டியலில்தான். டூகான், மக்கா என்று அயல்நாட்டுப் பறவைகள். கூடவே நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழியின் கழுத்து இறகு! அதைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. பட்டியலில் உள்ளதே வேண்டும் என்ற வெறி எங்கே கொண்டுபோகும்? 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் ஓர் இசை மாணவர் 299 பறவை மாதிரிகளைத் திருடினார். பல மாதிரிகளின் சீட்டுகள் அகற்றப்பட்டன. எங்கே, எப்போது கிடைத்தது என்று தெரியாத மாதிரி ஆராய்ச்சிக்கு உதவாது. நஷ்டம் அறிவியலுக்கு!

சாயம் ஏற்றிய வாத்து, வான்கோழி இறகுகளிலும் அதே வேலைப்பாடு வரும். மீனுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

ஆகவே, புத்தகத்திலிருந்து வரிசையையும் அளவையும் எடுத்துக்கொள்வோம். பொருளுக்கு மாற்று தேடுவோம். நூலின் இழுவிசையை மட்டும் எந்தப் பக்கமும் சொல்லித் தராது. அதற்கு ஒரே வகையைப் பத்து முறை கட்டிப் பார்க்கணும். ஃபைலிங் பழகிய நமக்கு இது தெரியாதா என்ன!